ஏழாம் சுருளும் எட்டாம் சுருளும்

பழைய படங்களைச் சேர்த்துவைக்கும் ஒருவரின் அலமாரியில் ஒரு படச்சுருள் இருந்தது. வாரம் ஒரு பாகமாகத் தியேட்டரில் ஓடிய விண்வெளித் தொடரின் ஏழாம் பாகம் அது. அதன் கடைசிக் காட்சியில் கேப்டன் வைரவேலின் ராக்கெட் நிலாவின் மலையில் மோதி வெடித்துச் சிதறும்.

"நான்தான் அவரைக் கொன்னுட்டேன்," என்று தகரப் பெட்டிக்குள் உருண்டு உருண்டு புலம்பும் ஏழு. நாற்பது வருஷமாக இதே புலம்பல். அலமாரிப் பல்லிக்குத் தூக்கமே போயிற்று.

ஒருநாள் எட்டாம் சுருள் வந்து சேர்ந்தது.

"அவருக்கு ஒண்ணும் ஆகலை. மோதறதுக்கு முன்னாடியே குதிச்சிட்டார்," என்றது.

"பொய்! ஒவ்வொரு ஃபிரேமையும் பார்த்தவன் நான். கதவுகூடத் திறக்கலை!" என்று கத்தியது ஏழு.

"என்கிட்ட அதே காட்சியில கதவு திறக்குது. இல்லைன்னா எட்டாவது வாரம் யார் வந்து உட்காருவா?"

ஏழுக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "சரி, உன் கடைசியில என்ன ஆகுது?"

எட்டின் குரல் இறங்கிவிட்டது. "ஒரு ராட்சச நண்டு அவரை முழுங்கிடுது. ஒன்பது இங்கதானே இருக்கு?"

"இல்லையே."

எட்டின் பெட்டியும் கடகடவென்று உருள ஆரம்பித்தது. பல்லி தலையில் அடித்துக்கொண்டு வேறு சுவருக்குப் போனது.

ஏழு மெல்ல நகர்ந்து எட்டுக்கு இடம் கொடுத்தது.

"பயப்படாதே," என்றது. "ஒன்பது வந்து ஏதாவது பொய் சொல்லும்."