ஒட்டுக்குக் கீழே

“மரம் காய்க்கட்டும்ட்டி. மொதப் பழத்த நீ பறிக்கிற அன்னைக்கு என் பெட்டியத் தூக்கிப் பரண்ல போட்டுருதேன். பொறவு ஷார்ஜாவும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“போடுங்க. போட்ட ஒடனே நான் ஏணிய ஒளிச்சு வச்சிருவேன்.”

கல்யாணமான புதிதில், கொல்லையில் மங்குஸ்தான் ஒட்டுக்கன்றை நட்டுவிட்டு முகம்மது ஆசிக்கும் ஜுஹைனாவும் பேசிக்கொண்டது அது.

அதற்கு முந்தின நாள்தான் ஐந்தருவிப் பக்கம் அவள் அந்தப் பழத்தை முதன்முதலாகத் தின்றாள். உதட்டிலும் துப்பட்டாவிலும் கறையோடு, இன்னொன்று கிடைக்குமா என்று அவள் பார்த்த பார்வைக்காகத்தான் அவன் கன்றையே வாங்கினான்.

பிறகு அவனுக்கு லீவு கிடைத்ததெல்லாம் மார்கழி, தை மாதங்களில். அதன்பின் சாரல் காலத்தில் ஊருக்கு வந்தது இதுவே முதல் தடவை. அதுவும் தங்கை மகள் கல்யாணத்துக்காகக் கிடைத்த கொஞ்ச நாள். அந்த அலைச்சலில், திரும்பிப் போவதற்கு முந்தின நாளான இன்றைக்குத்தான் கொல்லைக்கு வர முடிந்தது.

வந்தவன் மரத்தடியில் அப்படியே நின்றுவிட்டான்.

மரம் நிறையப் பழம். எல்லாம் மஞ்சள். குட்டிப் பூசணிபோல வரி வரியாக.

மங்குஸ்தான் இல்லை. குடம்புளி, மீனுக்குப் போடுகிற புளி.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவனுக்கு விஷயம் பிடிபட்டது. மகள் அதீபா பிறந்த வருஷம் ஆடு புகுந்து கன்றை அடியோடு கடித்துவிட்டது. பட்டுப்போச்சு என்று ஜுஹைனா போனில் அழுதாள். பத்து நாளில் துளிர் வந்துவிட்டது என்று சொல்லி, தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள்.

அந்தத் துளிர் ஒட்டுக்குக் கீழே இருந்து வந்திருக்கிறது. ஒட்டுப் போட்டவன் மங்குஸ்தானைக் குடம்புளிக் கன்றின் மேல்தான் ஏற்றியிருக்கிறான். மேலே இருந்தது ஆட்டின் வயிற்றுக்குப் போய்விட்டது. இத்தனை காலம் தண்ணீர் ஊற்றி வளர்த்தது அடியில் இருந்ததை.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. மங்குஸ்தான் காய்க்கவில்லை. அப்படியென்றால் சொன்ன சொல்லுக்கும் இன்னும் தவணை இருக்கிறது. மாடி எடுக்க வேண்டும், அதீபா படிப்பு இருக்கிறது. நெஞ்சுக்குள் ஏதோ லேசானதுபோல இருந்தது. அடுத்த நிமிஷமே அது அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது.

போகாதீர்கள் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அதைச் சொல்ல வேண்டிய வேலையை இரண்டு பேருமாக மரத்திடம் விட்டிருந்தார்கள்.

ஜுஹைனா முறத்தோடு வந்தாள். அவன் நிற்பதைப் பார்த்தாள். கீழே கிடந்த பழங்களைப் பொறுக்கிப் பிட்டாள், கொட்டையை எறிந்தாள், தோலை வரி வரியாகப் பிரித்து முறத்தில் பரப்பினாள். கை அதுபாட்டுக்கு ஓடியது. முதல் தடவை செய்கிற கையாக அது தெரியவில்லை.

“எத்தன வருசமா காய்க்குது?”

“இது மூணாவது.”

போனில் ஒவ்வொரு தடவையும் பூத்திருக்கா என்று அவன் கேட்டதும், இன்னும் இல்லை என்று அவள் சொன்னதும் நினைவுக்கு வந்தன. ஊரிலிருந்து போகிறவர்களிடம் கருவாட்டோடு அவள் கொடுத்தனுப்பிய கறுப்புப் புளியும். இந்தத் தோல் காய்ந்து கறுத்ததுதான் அது. செங்கோட்டைச் சந்தையில் வாங்கியது என்றே அவன் நினைத்திருந்தான். ஷார்ஜாவில் அதைப் போட்டு வைத்த மீன் ஆணத்துக்கு ரூமே அடித்துக்கொள்ளும்.

“எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லட்டி.”

“சொன்னா, இது அந்தப் பழம் இல்லையேம்பிய. அத உங்க வாயால கேக்க வேண்டாம்னு இருந்துச்சு.”

அவன் முறத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான். பல் கூசியது, ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. அவள் சிரித்துவிட்டாள். துப்புங்க என்று கையை நீட்டினாள். அவன் துப்பாமல் மென்று விழுங்கினான்.

நீட்டிய கையை அவள் எடுக்கவில்லை. அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, மரத்தைப் பார்க்காமல் அவனைப் பார்த்துச் சொன்னாள்.

“போவாண்டாம். இங்கயே இருங்க.”