ஹோய் ஆனில் தைத்த உடை

வியட்நாமின் ஹோய் ஆன் நகரைத் தனியாகச் சுற்றிப் பார்க்கத் தமயந்தி இருபத்தாறு மணி நேரம் வைத்திருந்தாள். அதில் மூன்று மணி நேரம் தையல் கடையில் போயிற்று. உடலை ஒட்டித் தைக்கும் ஆவோ தாய் அங்கி இடது மார்பில் தொய்ந்தது. பிரித்துத் தைத்தும் தொய்ந்தது. அளவெடுத்தபோது அவள் துப்பட்டாவை விலக்கியிருக்கவில்லை. கடைக்காரம்மா அளவெடுத்த மருமகள் மீது பாய்ந்தாள். அந்த ஏச்சையும் தமயந்தியின் கைபேசி விடாமல் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னது.

“டேப் பிடிக்கத் தெரியாதவளுக்குக் கடை எதுக்கு? நாளையிலிருந்து வீட்டிலேயே கிட.”

மருமகள் டேப்பைச் சுருட்டி மேசைமேல் வைத்தாள். மற்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தமயந்தி கைபேசியை வாயருகே கொண்டுபோனாள். அவள் பேசுவதைக் கடை முழுக்கக் கேட்கும்படி அது வியட்நாமிய மொழியில் சொல்லும்.

“அவங்க மேல தப்பில்லம்மா. எனக்கு அந்தப் பக்கம் மார்பு இல்லை. போன வருஷம் ஆபரேஷன்ல எடுத்துட்டாங்க.”