தனி ஆணி

துண்டு கொடியில் இல்லை.

அவள் மறுபடி பார்த்தாள். நீலப் பொத்தான், பச்சைப் பொத்தான், மஞ்சள், வெள்ளை. பிள்ளைகளுக்கு இன்னும் எழுத்து தெரியாது. அதனால் ராஜாமணி அக்கா ஒவ்வொருவர் துண்டிலும் ஒரு நிறத்தில் பொத்தான் தைத்து வைத்திருந்தார். கை கழுவியதும் அவரவர் நிறத்தைத் தேடித் துடைத்துக்கொள்ள வேண்டும்.

சிவப்பு, அவள் மகள் இசையுடையது.

அது மட்டும் புழக்கடைக் கதவோரம் தனியாக ஓர் ஆணியில் தொங்கியது.

அவளுக்குச் சுருக்கென்றது.

காற்றில் விழுந்திருக்கும், எடுத்து மாட்டியிருப்பார் என்று சொல்லிப் பார்த்தாள். மனம் கேட்க வேண்டுமே. நாலு துண்டை விட்டுவிட்டு ஒரு துண்டை மட்டும் தேடி வருகிற காற்று எது?

வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர் ராஜாமணி அக்கா. அந்தத் தெருவில் அதற்கு வேறு ஆள் இல்லை. சேர்க்க வந்த அன்று எந்த ஊர் என்று கேட்டார். சொன்னாள். ஊரில் எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வி வரும், வந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அதுவே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

இப்போது யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியில் மகளிடம் மெல்லக் கேட்டாள். இசை பெருமையாகச் சொன்னாள்.

"நான்தாம்மா கடைசி. எல்லாரும் கழுவினதுக்கு அப்புறம்தான் நானாம். ராஜாமணி அத்தை சொல்லிட்டாங்க."

அன்று இரவு அவளுக்கு ஊர் ஞாபகம் வந்தது.

அவளுடைய அம்மா வேலை செய்த வீட்டில் ஒரு தம்ளர் இருந்தது. கொல்லைப்புற மாடத்தில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். காப்பியை அம்மா அதில்தான் குடிப்பாள். குடித்ததும் அவளே கழுவி, அதே இடத்தில் கவிழ்க்க வேண்டும்.

மறுநாள் காலை மகளின் இடது கண்ணில் மறுபடி பீளை. வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தாள். சொட்டு மருந்து விட்டாள். முந்தின நாளும் இப்படித்தான் கமுக்கமாகக் கூட்டிப் போனாள். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று அக்கா கேட்டதற்கு, தூசி விழுந்துவிட்டது என்றாள். அக்கா நம்பிவிட்டார். வேறென்ன செய்வாள்? பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. லீவு போட்டால் அவள் மேஜையில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள்.

ஆனால் மத்தியானம் பொய் சொல்லிப் பெர்மிஷன் வாங்கிக்கொண்டு வந்தாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நின்றாள்.

குழாயடியில் பிள்ளைகள் வரிசையாக நின்றன. சோப்பு நுரை. ஒரே கூச்சல். நீலம் துடைத்தது, பச்சை துடைத்தது. இசை சுவரோரம் தனியாக நின்றாள்.

எல்லாம் முடிந்ததும் அக்கா அவளைக் கூப்பிட்டார். விரலிடுக்கு விடாமல் தேய்த்துக் கழுவினார். துடைத்தார். துண்டை அந்த ஆணியில் மாட்டினார்.

பிறகு தன் கைகளைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார்.

வேறு எந்தப் பிள்ளையைத் தொட்ட பிறகும் அப்படிக் கழுவவில்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விறுவிறுவென்று உள்ளே போனாள். ஆணியைக் காட்டினாள்.

அக்கா பிள்ளைகளைச் சாப்பிட உட்கார்த்திவிட்டு வந்து, தணிந்த குரலில் பேசினார்.

"கண்ணு வலிங்க அது. தூசியில பீளை கட்டுமா? மத்ததுகளுக்கு ஒட்டிக்கக் கூடாதில்ல. சொட்டு மருந்தக் குடுத்து விடுங்க, மத்தியானம் நான் போட்டு விடறேன்."

தூசி என்றதை அக்கா நம்பவே இல்லை.

முதல் நாளே திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அதுவும் புரிந்தது.

ஆனாலும் அவள் முழுதாக நம்பவில்லை. அந்தத் தம்ளருக்கும் அந்த வீட்டில் ஏதோ ஒரு காரணம் சொல்லத்தான் செய்தார்கள். கண் சரியாகட்டும். துண்டு கொடிக்கு வருகிறதா என்று பார்த்துவிடலாம்.

கண் சரியானது.

அன்று காலை கேட்டுக்கு வெளியே அம்மாக்கள் கூட்டமாக நின்றார்கள். உள்ளே, தள்ளி நின்றார் அக்கா. இரண்டு கண்ணும் கோவைப்பழம். இமை வீங்கியிருந்தது.

"கண்ணு வலிங்க. சரியாகற வரைக்கும் பிள்ளைகள வச்சுக்க முடியாது."

யாரிடமிருந்து வந்தது என்று ஒருத்தி எரிச்சலோடு கேட்டாள்.

"எங்க ஒட்டுச்சோ, தெரியலைங்க" என்றார் அக்கா. இசையின் அம்மா நின்ற பக்கம் அவர் திரும்பவே இல்லை.

முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் கலைந்தார்கள். அவள் போகவில்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் புழக்கடைக்குப் போனாள்.

கொடியில், நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில், சிவப்புப் பொத்தான்.

ஆணியில் ஒரு பெரிய துண்டு. அக்காவுடையது.

அவள் அதை எடுத்தாள்.

"ஐயோ, அதத் தொடாதீங்க!" கதவுக்குள்ளிருந்து அக்கா பதறினார்.

இந்தச் சொல்லைக் கேட்டு எத்தனையோ வாசலில் அவள் கை பின்னால் போயிருக்கிறது. இன்று போகவில்லை. துண்டைத் துவைகல்லில் போட்டாள். குழாயைத் திறந்தாள். அழுகை வந்தது, அழுதுகொண்டே துவைத்தாள்.

இசை பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். அம்மா துண்டைப் பிழிந்து ஆணியில் மாட்டியதும் சோப்பை எடுத்து நீட்டினாள்.

"முழங்கை வரைக்கும் கழுவணும்மா."

கழுவினாள்.