பத்து எண்ணும் வரை

மன்னிப்புக் கடிதம் மேசைமேல் தயாராக இருந்தது. அவளுடைய கையெழுத்து மட்டும்தான் பாக்கி. போடாவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

காலை எட்டு மணிக்கு, யாரையும் கேட்காமல், கொதிகலனுக்குக் காற்று ஊதும் பெரிய புளோயரை அவள் நிறுத்தியிருந்தாள். அது நின்றதும் ஆலையே படுத்துவிட்டது. இப்போது மணி பதினொன்று. இன்னும் ஒன்றும் ஓடவில்லை.

"எதுக்கும்மா நிறுத்துனீங்க?" மேனேஜர் மறுபடியும் கேட்டார்.

"பேரிங் சுட்டுது சார்."

தினமும் வேலையில் ஏறியதும், புளோயரின் சுழல்தண்டைத் தாங்கும் பேரிங்கின் மூடிமேல் புறங்கையை வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். பத்து எண்ணும் வரை கை சூட்டைத் தாங்கும். இன்று மூன்றைத் தாண்ட முடியவில்லை.

பராமரிப்பு இன்ஜினியர் சிரித்தார். "அது கையா, தெர்மாமீட்டரா? ஓட்டுறது உங்க வேலை. அதுக்கு வைத்தியம் பாக்குறது எங்க வேலை."

போன வாரமே பேரிங் சத்தம் மாறியிருக்கிறது என்று பதிவேட்டில் எழுதியிருந்தாள். ஆபரேட்டர்கள் கதை எழுதக் கூடாது என்று சிவப்பு மையில் அடித்துவிட்டவரும் இவர்தான்.

கம்ப்யூட்டர் அச்சடித்த எட்டு மணித் தாளை மேனேஜரிடம் நீட்டினார். ஐம்பத்திரண்டு டிகிரி. சுற்றுகிற பேரிங் உராய்வில் அந்த அளவு சூடாகத்தான் செய்யும், அது பயப்படுகிற சூடே இல்லை என்று பொறுமையாக விளக்கினார்.

"தாள்கூட வேண்டாம் சார். சென்சார் நேரா அனுப்புறது, நீங்களே பாருங்க."

சுவரில் இருந்த திரையிலும் ஐம்பத்திரண்டுதான் மின்னியது.

மேனேஜர் பேனாவை நீட்டினார். கையெழுத்து விழுந்ததும் புளோயரைக் கிளப்பிவிடலாம் என்று இன்ஜினியர் போனை எடுத்தார்.

அவள் பேனாவை வாங்கினாள். திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடிதத்தைத் தொடாமல் எழுந்து போய், அந்த எண்ணுக்குக் கீழே பேனா முனையால் தட்டினாள்.

"மெஷின் நின்னு மூணு மணி நேரமாச்சு சார். உங்க சென்சார் மட்டும் ஏன் இன்னும் ஆறல?"