இரட்டை மூக்குக் கிளி

நாணயம் சேர்க்கும் தணிகாசலம், கிளி பொறித்த புது வெள்ளி நாணயம் ஒன்றை வாங்கிவந்து பெட்டியில் வைத்தார். பக்கத்திலிருந்த செப்புக்காசு அதை உற்றுப் பார்த்தது.

"ஐயையோ, உன் கிளிக்கு ரெண்டு மூக்கு! அச்சு ரெண்டு தடவை விழுந்திருக்கு. பார்த்தாருன்னா கடைக்கே திருப்பி அனுப்பிடுவார்."

வெள்ளி நாணயத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது. கிளி தெரியாதபடி குப்புறப் படுத்துக்கொண்டது.

காலையில் தணிகாசலம் அதை எடுத்துத் திருப்பிப் போட்டு, லென்ஸை நீட்டினார்.

"அண்ணே, கிளியை மட்டும் பெரிசாக்கிக் காட்டிடாதீங்க" என்று நாணயம் கெஞ்சியது.

லென்ஸ் சிரித்தது. "கடையிலும் நான்தானே காட்டினேன்! தட்டு நிறைய நாணயம் இருந்தது. இந்த மூக்கைப் பார்த்த பிறகுதான் உன்னை எடுத்தார்."

"சார், இங்க வாங்க, ஒரு அதிசயம்!" என்று தணிகாசலம் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

நாணயம் வெட்கத்தோடு பளபளத்தது.