கடைசி நாலு முட்டை

“இன்னிக்கு ஒரு முட்டை உடைஞ்சாலும், நாளைக்கு நீ இந்தப் பக்கமே வரக்கூடாது.”

தலைமைக் கருவியலாளர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். செயற்கைக் கருத்தரிப்பு மையத்தின் பரிசோதனைக்கூடத்தில் அந்த அம்மாவுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். அவர் காதில் விழாத தூரத்தில் மட்டும்.

நுண்ணோக்கியின் முன்னால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விலங்கியலில் முதுகலை முடித்து, கருவியலாளர் ஆகியே தீருவேன் என்று வீட்டில் சண்டை போட்டு வந்தவள். முதல் வருடம் முட்டை வைக்கும் தட்டுகளுக்கு லேபிள் ஒட்டினாள். அடுத்த வருடம் விந்தணு எண்ணினாள். இந்த வருடம் முழுக்க, உதவாது என்று ஒதுக்கிய முட்டைகளில் ஊசி குத்திப் பழகினாள். குத்துக்கு ஒரு திட்டு இலவசம்.

“ஏம்மா விலங்கியல், எருமைக்கா ஊசி போடறே? கை ஏன் நடுங்குது?”

“நடுங்கல மேடம்.”

“எனக்குக் கண்ணு இருக்கு.”

இன்று முதல்முறையாக ஒரு நோயாளியின் முட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒற்றை விந்தணுவைச் செலுத்த வேண்டும். தேறினால் தகுதிச் சான்றில் சிடுமூஞ்சியின் கையெழுத்து. அது இல்லாவிட்டால் மூன்று வருடமும் ஆற்றில் கரைத்த புளி.

நோயாளியின் கோப்பைப் புரட்டினாள். “பேர் இல்லையே மேடம்? நம்பர் மட்டும்தான் இருக்கு.”

“வேண்டப்பட்டவங்க. பேர் வெளிய வரக்கூடாது. வயசைப் பாரு, நாப்பத்திரெண்டு. ரெண்டு தடவை தோத்தாச்சு. நாலு முட்டை கிடைச்சா பெரிசு. இதுதான் கடைசின்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“இவ்வளவு சிக்கலான கேஸை நீங்களே பண்ணலாமே?”

“என் வேலையை நீ எனக்குச் சொல்லித் தர்றியா?”

அடக்கி வைத்திருந்தது வெடித்தது. “என்னைக் கவுக்கத்தானே இதை என் தலையில கட்டறீங்க? போன மாசம் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில என்னை எடுத்துக்கறோம், சான்றும் நாங்களே தர்றோம்னாங்க. யாரோ போன் பண்ணி, இவ தேறமாட்டான்னு கெடுத்துட்டாங்க. நீங்கதானே?”

இல்லை என்று மழுப்புவார் என்று எதிர்பார்த்தாள்.

“நான்தான். அதுக்கென்ன இப்போ?” சிடுமூஞ்சி கையுறையை உருவிக் குப்பைக்கூடையில் போட்டார். “பத்தரைக்கு ஆபரேஷன் தியேட்டர்ல இரு. ஒரு நிமிஷம் லேட்டானாலும் தொலைச்சுடுவேன்.”

கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

மயக்க மருந்து கொடுக்கும் முன், நோயாளியின் கைப்பட்டையில் இருக்கும் எண்ணும் தட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று கருவியலாளர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் சிடுமூஞ்சி அந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுத்ததே இல்லை.

பத்தரைக்கு அவள் தட்டும் கையுமாகத் தியேட்டருக்குள் நுழைந்தாள். அங்கேயும் நாலு பேர் முன்னால் திட்டு வாங்கத் தயாராகத்தான் வந்திருந்தாள். ஆளைக் காணோம்.

“மேடம் எங்க சிஸ்டர்?”

நர்ஸ் திரையை விலக்கினார்.

கழுத்துவரை பச்சைத் துணி போர்த்திய உருவம் கையை மட்டும் நீட்டியது. அவள் குனிந்து பட்டையில் இருந்த எண்ணை வாய்விட்டுப் படித்தாள். தட்டிலும் அதே எண். நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

தலையணையில் இருந்த முகம் இப்போதும் சிடுசிடுத்தது.

“என்ன முழிக்கிறே? உன்னை அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு, என் முட்டையை நான் யார்கிட்ட குடுக்கிறது?”