சோதனைக் கண்ணாடி

மூக்குக் கண்ணாடிக் கடையில் கதவுக்கு முதுகைக் காட்டித்தான் பரிமளம் உட்கார்ந்தாள். எதிரே மேசையில் முகம் பார்க்கும் கண்ணாடி. அதில் வாசலும் கண்டித் தெருவும் நிற நிறமாய்க் கலங்கித் தெரிந்தன.

"எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியக் கூடாது, நானா."

கண் பரிசோதிக்கும் ஹலீம் நானா சிரித்தார். "மூக்குக் கண்ணாடி என்ன களவு சாமானா மகள்? சரி, எதப் பார்க்க உங்களுக்குக் கஷ்டம்?"

அவள் யோசித்தாள். அரிசியில் கல் தெரிகிறது. ஊசியில் நூல் கோர்க்க முடிகிறது.

"பஸ் போர்டு தெரியல. நேத்து கலகெதர பஸ்னு மாத்தளை பஸ்ஸில ஏறிட்டேன்."

"அப்ப தூரத்தில உள்ளதப் பார்க்கத்தான். உங்க வயசுக்கு, மேல ஒரு பவர் கீழ ஒரு பவர் வெச்ச கண்ணாடி தேவையில்ல, ஒரே பவர் போதும். ஆனா வீட்டிலயும் எப்பவும் போடணும்."

"வீட்டிலயுமா?"

பெண் பார்க்க வந்த அன்று அம்மாதான் அவள் கண்ணாடியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தாள். கண்ணாடி போட்டவள் என்றால் சம்பந்தம் தட்டிப்போகுமாம். மணவறையிலும் அதைப் போடவில்லை. பிறகு எடுக்கத் துணியவில்லை. ஏமாற்றிக் கட்டிவைத்தார்கள் என்பார்கள். திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள்.

கணவன் சுந்தரலிங்கம் அதிகம் பேசாதவன். அவள் அடுப்படி வாசலில் நின்றால் அவன் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பானாம். பக்கத்து வீட்டுப் பாப்பம்மா சொல்லித்தான் தெரியும். "ஒம் புருசன் ஏன்டி ஒன்னைய இப்படி மொறைக்கிறாரு? என்ன செஞ்சு தொலைச்ச?"

முதலில் அதற்காக அழுதாள். இப்போது அழுகை வருவதில்லை. சமைத்தாள், துவைத்தாள், ஒரு மங்கலுக்குச் சோறு போட்டாள்.

ஹலீம் நானா பாரமான வட்டச் சோதனைக் கண்ணாடியை அவள் மூக்கில் ஏற்றி, வில்லைகளைச் செருகினார்.

"இப்ப எப்படி?"

மேசைக் கண்ணாடிக்குள் தெரு துலங்கியது. போகிறவர்களுக்கு முகங்கள் இருந்தன.

"தெளிவா இருக்கு. ஆனா, போட்டிருக்கிறது தெரியாத மாதிரி ஒண்ணு..."

"சுத்தி பிரேம் இல்லாதது இருக்கு, கொண்டு வாறன். அதுக்கும் மேல வேணுமெண்டா மந்திரவாதியத்தான் தேடணும்." அவர் உள்ளே போனார்.

கதவு திறந்தது. மேசைக் கண்ணாடிக்குள் ஒரு நீலச் சட்டை. பல்லேகல தொழிற்சாலையில் இருக்க வேண்டிய நேரத்தில், சுந்தரலிங்கம்.

ஓர் அறையின் தூரத்திலிருந்து அவன் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. களைத்த, கொஞ்சம் பயந்த முகம்.

யாரோ சொல்லிவிட்டார்கள். பின்னாலேயே வந்திருக்கிறான். அவளுக்கு நடுக்கம் வர வேண்டும். வரவில்லை. கைகள் யாருடையவோ போல மடியில் கிடந்தன. முடியட்டும் என்று எழுந்து அவனைப் பார்த்துத் திரும்பினாள்.

அவன் வாசலருகிலேயே நின்றான். கண்களைச் சுருக்கி அவள் முகத்தையே பார்த்தான். பாப்பம்மா சொன்ன அதே முறைப்பு.

பிறகு தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"மிஸ், போட்டிருக்கிறது தெரியாத மாதிரி கண்ணாடி இருக்குங்களா? வீட்டில சம்சாரத்துக்குத் தெரியக் கூடாது."